தண்ணீர் போகும் வழி: கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை

வியாழன், கல்லணை

காவிரி டெல்டா என்றதும் எல்லோரும் தண்ணீர் வருவதைப் பற்றித்தான் பேசுவோம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாயிற்றா, எத்தனை ஆயிரம் கன அடி, வாய்க்காலின் கடைசிக் கோடியான கடைமடைக்கு என்றைக்கு வந்து சேரும். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. 2023-ல் வழக்கமான தேதியில் திறந்த அணை பருவம் முடியுமுன் வற்றிப்போய், குறுவை எனும் குறுகிய காலக் கோடை நெல் பல இடங்களில் கருகியது. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆனால் கீழத்தஞ்சைப் பக்கம் யாரிடமாவது உட்கார்ந்து பேசினால் இன்னொரு கவலையும் வரும்: வந்த தண்ணீர் போக வழியில்லை. 2023 பிப்ரவரி முதல் வாரம் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா, அதாவது மழைக்கால நீண்ட நெல், சாய்ந்து தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை.

அதனால் இந்த முறை தண்ணீர் போகும் வழியோடு கடல் வரை போவது என்று கிளம்பியிருக்கிறேன். வழியில் பார்ப்பதை அன்றன்றைக்கே எழுதுகிறேன்.

தை மாதம். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம் என்பதால் கல்லணையில் தண்ணீர் இறங்கிவிட்டது. மணல் திட்டுகளில் கொக்கு நிற்கிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரியும் இடம் இது. கல்லணைக் கால்வாயை தஞ்சாவூர்க்காரர்கள் இன்னும் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் அது. வெள்ளம் வந்தால் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு அனுப்பிவிடுவது, பாசனத்துக்கு வேண்டியதை மட்டும் மற்ற ஆறுகளில் விடுவது. தலைமடையில் வடிகாலுக்கு ஓர் ஆற்றையே ஒதுக்கி வைத்திருக்கிறோம். கீழே போகப் போக அந்த ஏற்பாடு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குக் கேள்வி.

வெள்ளி, வடுவூர்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் வடுவூர் ஏரி. பாசன ஏரிதான், 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022-ல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. விடியற்காலையில் கரையில் நின்றால் ஊசிவால் வாத்தும் கிளுவையும் நடுத் தண்ணீரில் கூட்டமாக மிதக்கின்றன. ஓரத்தில் வெண் அரிவாள் மூக்கன், நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை. பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஏரியைப் பார்ப்பதை விட, எட்டு மணிக்கு மேல் இந்தப் பறவைகள் எங்கே போகின்றன என்று பார்ப்பது முக்கியம். பாதிக்கு மேல் சுற்றியுள்ள வயலுக்குத்தான் போகின்றன. ஏரி படுக்கிற இடம், வயல்தான் சாப்பாட்டு இடம். நத்தைகுத்தி நாரையின் அலகு முழுதாக மூடாது, நடுவில் இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடிக்கவும் உடைக்காமல் சதையை எடுக்கவும் வாகான அலகு. வயலில் நத்தை இருக்கும்வரை அந்தப் பறவை இருக்கும். சரணாலயத்துக்கு வேலி போட்டுவிட்டு வயலில் விஷத்தைத் தெளித்தால் எதைக் காப்பாற்றியதாகச் சொல்வது?

ஏரிக்குக் கீழே மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவர் மோட்டார் வைத்துக் குறுவை போடுகிறார். அவர் வயலில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று அரை முழத்துக்கு நட்டு நிற்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவதற்கு அதுதான் அளவுகோல். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினால் மோட்டாரைப் போடுவார், இல்லையென்றால் இல்லை. "கரண்ட் இலவசம்தான், ஆனா போர் தண்ணி இலவசமில்லையே தம்பி, வருஷா வருஷம் கீழ போகுது" என்றார். அவர் சொல்லாத இன்னொரு பலனும் இதில் உண்டு. எப்போதும் தண்ணீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்குகின்றன. இடையிடையே காயவிட்டால் அது வெகுவாகக் குறையும். ஆனால் இதெல்லாம் குறுவைக்கு. ஐப்பசி கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது எந்தக் குழாயும் உதவாது. அப்போது வேண்டியது வடிகால்.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பற்றியும் பேசினோம். அவர் முன்பெல்லாம் நாற்றுப் பச்சை பிடித்ததுமே மருந்தடிப்பாராம். இப்போது வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போட்டிருக்கிறார், சிலந்தியும் பொறிவண்டும் தங்குவதற்கு. கண்டபடி மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும், பிறகு புகையான் இரண்டு மடங்காக வரும். யூரியாவை அள்ளிப் போட்டாலும் அப்படியே. இது பூச்சியியல் பாடத்தில் இருப்பதுதான். அதை ஒருவர் தன் வரப்பில் செய்து காட்டுவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டிருந்தார்: பகலில் கரிச்சான், ராத்திரியில் ஆந்தை. எலிக்கு அதற்கு மேல் வேண்டுமென்றால் மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி.

மாலையில் நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு. வெண்ணாறு இங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. நாளை பாமணியாற்றோடு தெற்கே.

சனி, திருத்துறைப்பூண்டி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

மன்னார்குடியைத் தாண்டியதும் வயல் தாழ்ந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வாய்க்காலைப் பார்த்தால் தெரியும். தண்ணீர் ஓடுவதில்லை, நிற்கிறது. மேலே ஆகாயத்தாமரை, கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு. போன வாரம் பெய்த மழையில் சாலையின் இடது பக்கம் முழுக்க சம்பா சாய்ந்து கிடக்கிறது. சில வயல்களில் டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி இறங்கி அறுக்கிறது. டயர் வண்டி இறங்கினால் புதைந்துவிடும். பெல்ட் வண்டிக்கு மணி வாடகை கூடுதல், சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூடுதல். அறுத்த நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கத் தயங்குவார்கள். அதனால் சாலையே களமாகிவிட்டது, இரண்டு மைல் தூரத்துக்கு நெல் காய்கிறது.

ஒரு பெரியவர் சாய்ந்த தாளைத் தூக்கிக் காட்டினார். அடியில் நெல் முளைத்திருக்கிறது. "பத்து நாள் முந்தி அறுத்திருந்தா தப்பிச்சிருக்கும் தம்பி. ஆனா ஊரு பூரா ஒரே ரகம், ஒரே நாளு நடவு, ஒரே நாளு பழுக்குது. மிஷினு எத்தனை இருக்கு? யாரு முந்துறது?"

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன், இன்று நேரில் பார்த்தேன். ஒரு ரகம் நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. ஊர் முழுக்க ஒரே ரகமாக இருப்பது அதைவிடப் பெரிய கேள்வி. எல்லாம் ஒரே வாரத்தில் பூக்கிறது என்றால் அந்த ஒரு வாரத்து மழை ஊரையே கொண்டுபோகும். வயது என்றால் விதைத்ததிலிருந்து அறுக்கும் வரையுள்ள நாள்; குறுகிய வயதும் நீண்ட வயதும், குட்டையும் நெட்டையும் கலந்து நின்றால் யாராவது ஒருவருக்குப் போகும், எல்லோருக்கும் போகாது.

அவர் வயலில் பாதி சி.ஆர். 1009 சப் 1. நாற்று மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடித்து மீண்டு வரும் ரகம். பழைய சி.ஆர். 1009 இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதில் சப் 1 என்ற மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த மரபணு எங்கிருந்து வந்தது என்பதை அவரிடம் சொன்னேன். ஒடிசாவின் வெள்ளக்காட்டில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்திலிருந்து. விஞ்ஞானிகள் 2006-ல் அந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள். அந்த நாட்டு நெல்லை விளைச்சல் குறைவு என்று விட்டிருந்தால் இன்று எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. நாட்டு ரகத்தைக் காப்பதும் புது ரகம் உண்டாக்குவதும் எதிரெதிர் கட்சி என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்று இன்னொன்றுக்கு விதை.

மத்தியானம் ஆதிரெங்கம் போனேன். கட்டிமேட்டில் பிறந்த நெல் ஜெயராமன் இங்கேதான் நெல் திருவிழாக்களை நடத்தினார். இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வாரின் வழியில் நின்று 160-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைச் சேகரித்தவர். 2018 டிசம்பரில் காலமானார். திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். விதையைக் குளிர்பதன அறையில் பூட்டி வைப்பதும் தேவைதான். ஆனால் வயலில் வருடா வருடம் மழையையும் வெயிலையும் உப்பையும் பார்த்து வளரும் விதைதான் மாறுகிற காலத்தோடு சேர்ந்து மாறும்.

காட்டுயானம் யானையை மறைக்கும் உயரம் வளரும், ஆறு மாதப் பயிர், நீர் ஏற ஏற நின்று வளரும். குழியடிச்சான் உப்பு ஏறிய கடலோர மண்ணுக்கு. பூங்கார் குறைந்த வயது. பழைய சம்பா ரகங்கள் பலவும் பகல் சுருங்குவதைப் பார்த்துக் கதிர் விடுபவை: தண்ணீர் தாமதமாக வந்து, பிந்தி விதைத்தாலும் அதனதன் காலத்தில் பூத்துவிடும். ஆனால் குறையையும் சொல்ல வேண்டும். விளைச்சல் குறைவு, நெட்டைப் பயிர் காற்றில் சாயும், கொள்முதல் நிலையத்தில் தனி விலை கிடையாது. மூன்று ஏக்கர் வைத்துக் கடனில் இருப்பவரிடம் எல்லாவற்றையும் மாப்பிள்ளைச் சம்பாவாகப் போடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு மா ஒதுக்கச் சொல்லலாம் (மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர்). அதற்கு ஒரு விலை உறுதி கிடைத்தால் நாலு மா ஆகும்.

சாயங்காலம் வடிகால் கரையில் நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்காவோடு பேசினேன். அவர் சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. "ஐப்பசியில வெள்ளம் வந்தா விரால், கெளுத்தி, உளுவை எல்லாம் வடிகால்லேருந்து வயலுக்கு ஏறும். ஊத்தா வச்சுப் புடிப்போம். வேலை இல்லாத மாசம் அது, கொழம்புக்கு அதான். இப்ப ஏறி வர்ற மீனு கொறைஞ்சு போச்சு. வயக்காட்டுல மருந்து, வடிகால்ல தாமரை."

வடிகால் என்பது தண்ணீர் வடிய மட்டுமல்ல. மீன் ஏறி வரவும் அதுதான் பாதை. அது அடைபட்டால் மேலே நெல் அழுகுகிறது, கீழே இந்த அக்காவின் சட்டி காலியாகிறது. அலுவலகத்தில் இரண்டும் இரண்டு துறையின் கோப்பு. இங்கே ஒரே வாய்க்கால்.

கிளம்பும்போது ஒரு நல்ல காட்சி. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும் வயலில் இருவர் உளுந்து தெளித்துக்கொண்டிருந்தார்கள். நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதைத்துவிட்டால் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் முளைத்து வரும், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். அறுவடை வண்டி ஏறி முளைத்த உளுந்து நசுங்குகிறது என்பதால் பலர் விட்டுவிட்டார்கள். விடாதவர்கள் வண்டி ஒரே தடத்தில் போகும்படி ஓட்டச் சொல்கிறார்கள். இடும்பாவனம் போகும் சாலையில் ஆட்டுக்கிடையும் பார்த்தேன். ஆடு மேய்க்கும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் இன்னும் வருகிறார்கள்.

ஞாயிறு, முத்துப்பேட்டை

ஜாம்புவானோடையிலிருந்து படகு. பாமணியாறு, கோரையாறு எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு. பெரும்பாலும் ஒரே மரம்தான், அலையாத்தி. உப்பை அதிகம் தாங்கும் மரம் என்பதால் அதுவே மிஞ்சியிருக்கிறது. ஆற்றில் நன்னீர் வரத்து குறையக் குறைய உப்பு ஏறுகிறது, மற்ற மரங்கள் தாங்கவில்லை. மேலே ஒரே நெல் ரகம், கீழே ஒரே மரம். காரணம் வேறு வேறு, ஆபத்து ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் பள்ளமாகி, ஏறிய கடல்நீர் திரும்பிப் போகாமல் தேங்கி, வெயிலில் வற்றி உப்பு மிகுந்து, மரம் முளைக்காமல் போனது. இங்கேயும் வடியாத தண்ணீர்தான் சிக்கல்! எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, அலை ஏறி இறங்க வழி செய்து, ஓரங்களில் கன்று நட்டார்கள். படகுக்காரர் இன்னொன்றும் சொன்னார். மீன்பிடிக்க இங்கத்து மீனவர்கள் வெட்டிய வாய்க்கால்களின் இரண்டு கரையிலும் அலையாத்தி நன்றாக வளர்ந்திருந்ததாம். நட்ட வாய்க்கால் ஒன்றின் அருகே படகை நிறுத்தினார். சேற்றில் மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் மடவைக் குஞ்சுகள்.

2018 நவம்பர் 16 கஜா புயல் இந்த வழியாகத்தான் ஏறியது. காடும் அடிபட்டது, முறிந்த மரங்கள் இன்னும் வெளுத்து நிற்கின்றன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை விழுந்த கணக்கு எல்லோருக்கும் தெரியும். தென்னை மறுபடி காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். தென்னையை மட்டும் நம்பிய தோப்பும் ஒரே நாளில் போனது, ஊர் முழுக்க ஒரே நெல் போட்ட வயலைப் போலவே.

திங்கள், தலைஞாயிறு வழியாகக் கோடியக்கரை

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம்தான் உண்மையான கடைமடை. அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு இந்த ஆறுகளைச் சீரமைக்கும் காலநிலைத் தகவமைப்புத் திட்டம் 2016-ல் ஒப்புதல் ஆனது. கரை உயர்த்தினார்கள், கடல்நீர் ஏறாமல் தடுக்கும் கடைமடை இயக்கு அணைகளைக் கட்டினார்கள், பழையதைச் சீர்செய்தார்கள். தேவையான வேலை. வடகிழக்குப் பருவமழையில் கடலும் உயர்ந்து நிற்கும்போது ஆற்று நீர் வெளியேற முடியாமல் பின்வாங்குவதுதான் இங்கத்து வெள்ளம். கடல்மட்டம் ஏற ஏற இது கடுமையாகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம். கிளை வாய்க்கால்கள் பலவற்றில் கரை முழுக்க சிமெண்ட் பூசுவதை முன்னேற்றம் என்று நினைக்கிறோம். மணற்பாங்கான இடத்தில் தண்ணீர் வீணாகாமல் இருக்கப் பாசன வாய்க்காலுக்குப் பூசலாம், சரி. வடிகாலுக்கு எதற்கு? மீன்கொத்தி மண்கரையில்தான் பொந்து போடும். நாணலும் கோரையும் இருந்தால்தான் கரை அரிக்காது, தவளைக்கும் இடம் இருக்கும். வரப்பில் களைக்கொல்லி அடிப்பதும் இதே கதைதான். புல் செத்ததும் அடுத்த மழையில் வரப்பு கரைகிறது.

கோடியக்கரையில் பூநாரைகள் உப்பளத்துக்கு அப்பால் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. வெளிமான் கூட்டம் அருகிலேயே மேய்ந்தது. 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் தலம். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை.

இரவு தலைஞாயிறு பக்கத்து ஊரில் ஒரு திண்ணையில் ஏழெட்டு விவசாயிகள். ஏ, பி என்ற பெரிய வாய்க்கால்களைத் தூர்வாருகிறார்கள், சி, டி என்ற சின்ன வாய்க்காலும் வடிகாலும் கடைசி வரை நிற்கிறது என்பது அவர்கள் குறை. மே 1 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். மேட்டூர் திறக்கும் முன் வடிகாலில் ஆகாயத்தாமரையை எடுக்க வேண்டும், கரையில் நாணலை விட்டு நடுவில் மட்டும் வார வேண்டும், ஊரில் வெவ்வேறு வயதுள்ள மூன்று வகை ரகங்களைப் பங்கு போட்டு நட வேண்டும் என்று மூன்று வரி எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது வரியில்தான் சண்டை. யார் முதலில் குறைந்த வயது ரகம் போடுவது, அவருக்கு எலியும் குருவியும் மொத்தமாக வந்துவிடாதா என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் உண்டு: ஒருவர் மட்டும் போடக்கூடாது, ஒரு மடைக்குக் கீழே உள்ள எல்லோரும் சேர்ந்து ஒரே வயதைப் போட வேண்டும், அடுத்த மடைக்காரர்கள் வேறு வயது. மடைவாரியாகப் பெயர் எழுத ஆரம்பித்தார்கள். நான் படுக்கப் போகும்போது நாலாவது மடைக்கு வந்திருந்தார்கள்.